அப்பாவின் மச்சை ரிப்போர்ட்டில் ‘குரோமட்டின்’: பிள்ளைகளுக்கும் வருமா?

கொக்குவிலிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: அப்பாவுக்கு 71 வயது. இரத்தக் குறைவுக்கு இரண்டு தடவை இரத்தம் ஏற்றியாயிற்று. என்பு மச்சை எடுத்துப் பார்த்து எம்.டி.எஸ் (மச்சையில் இரத்தக் கலங்கள் சரியாக வளராத நோய்) என்றார்கள். மரபணுப் பரிசோதனையில் குரோமட்டினைச் சீர்ப்படுத்தும் ஏ.எஸ்.எக்ஸ்.எல்.1 மரபணுவில் மாற்றம் என்று வந்திருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கும் வருமா? முருங்கையிலை, பீட்ரூட் கொடுத்தால் இரத்தம் ஊறாதா?

பதில்:

பிள்ளைகளைப் பற்றிய பயத்தை முதலில் விடுங்கள். இந்த மாற்றம் அப்பா பிறக்கும்போது இருந்ததல்ல. வயது போகப் போக மச்சையிலுள்ள ஒரு கலத்தில் ஏற்பட்டு, அதன் வழிவந்த கலங்களில் பரவியது. விந்தில் அது இல்லை. (வேறு சில மரபணுக்களால் எம்.டி.எஸ் பரம்பரையாக வரும் குடும்பங்களும் உண்டு. உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் இரத்த நோய் இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.)

சரி, குரோமட்டின் என்றால் என்ன? ஒரு கலத்தின் டிஎன்ஏயை நீட்டினால் ஏறத்தாழ 2 மீற்றர் வரும். அது கண்ணுக்குத் தெரியாத கலக்கருவுக்குள், ஹிஸ்டோன் என்ற புரதங்களில் சுற்றி மடிந்து கிடக்கிறது. அந்த மடிப்புத்தான் குரோமட்டின். அம்மாவின் அலுமாரி மாதிரி: வீட்டில் உடுக்கும் சேலை கைக்கெட்டும் தட்டில், கூறைச்சேலை அடியில். மச்சையிலுள்ள தாய்க்கலம் செங்குழியமாக வேண்டுமானால் ஹீமோகுளோபின் மரபணு உள்ள மடிப்பை விரிக்க வேண்டும். வெண்குழியமாக வேண்டுமானால் அதை மூடிவிட்டு வேறொன்றை விரிக்க வேண்டும். செங்குழியம் கடைசியில் கருவை இறுக்கிச் சுருட்டி வெளியே தள்ளியே விடும்.

எதை மூடி வைப்பது என்று ஹிஸ்டோன்களில் அடையாளம் இடும் வேலையில் ஏ.எஸ்.எக்ஸ்.எல்.1க்கும் பங்கு உண்டு. அது பிழைத்தால் கலங்கள் அரைகுறையாக வளர்ந்து மச்சைக்குள்ளேயே செத்துப்போகும். மச்சை நிறையக் கலம் இருந்தும் இரத்தத்தில் குறைவது இதனால்தான்.

ஆகவே முருங்கையிலை சாப்பிடலாம், ஆனால் அதனால் இரத்தம் ஊறாது. இரும்புக் குளிசையை நீங்களாக வாங்கிக் கொடுக்கவே வேண்டாம். ஏற்றும் ஒவ்வொரு பை இரத்தத்திலும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு சேருகிறது. உடம்புக்கு அதை வெளியேற்ற வழியில்லை.

ஒளிக்காமல் சொன்னால், இந்த மரபணு மாற்றம் நோயின் கடுமையைக் கொஞ்சம் கூட்டும். ஆனால் அதை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்வதில்லை. மச்சையில் முதிராக் கலங்கள் எத்தனை வீதம் என்று கேளுங்கள். அசாசிட்டிடின் ஊசி போடச் சொன்னால், டிஎன்ஏ மேல் ஒட்டியிருக்கும் மூடு அடையாளங்களைக் குறைக்கும் மருந்து அது. பலன் தெரிய நாலைந்து மாதம் பிடிக்கலாம். இரண்டாம் மாதமே “ஒன்றும் சரிவரவில்லை” என்று நிறுத்திவிடாதீர்கள்.

கிருமிகளை எதிர்க்கும் வெண்குழியங்களும் இந்த நோயில் குறையலாம். அதனால் காய்ச்சல் 38 பாகைக்கு மேல் போனால் பரசிட்டமோல் கொடுத்து விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அந்த இரவே ஓட்டோ பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.