ஏழை கடன் கட்டாவிட்டால் பொறுப்பில்லாதவன், பணக்காரன் கட்டாவிட்டால் தொழில் நட்டம். பழமைவாதிகள் பேசும் தனிமனிதப் பொறுப்பு இரட்டை அளவுகோல்தானே?

என்னைப் பழமைவாதி என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். வாங்கினால் கட்ட வேண்டும், சொன்னால் செய்ய வேண்டும், செய்த தப்புக்கு ஊரைக் கைகாட்டக் கூடாது என்று நினைக்கிற ஆள். டெல்டாவில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் கொள்கை விளக்கம் எல்லாம் மற்ற பதில்களில் படித்துக்கொள்ளுங்கள். நான் கவுண்டருக்கு உள்பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

கேள்வியில் உள்ள குற்றச்சாட்டு சரியானதுதான், முதலில் அதை ஒப்புக்கொண்டுவிடுவோம். விஜய் மல்லையா 2016 மார்ச்சில் விமானம் ஏறியபோது வங்கிகளுக்கு நிலுவை சுமார் 9,000 கோடி. வீடியோகான் குழுமத்தின் மீது கடன் கொடுத்தவர்களுக்கு இருந்த பாக்கி 64,000 கோடிக்கு மேல். அதை எடுத்துக்கொள்ள முன்வந்த நிறுவனம் தருவதாகச் சொன்னது 3,000 கோடிக்கும் கீழே. நூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாய்கூட இல்லை. 2021இல் நிறுவனத் திவால் வழக்குகளைப் பார்க்கும் தீர்ப்பாயம் அதற்குச் சம்மதித்தது. மேல்முறையீட்டில்தான் 2022 ஜனவரியில் அந்த உத்தரவு ரத்தானது. எங்கள் சங்கத்தில் நாற்பதாயிரம் ரூபாய்க்கு யாராவது இப்படிப் பேரம் பேசியிருந்தால் வாட்ச்மேனே வெளியே அனுப்பியிருப்பார். தவணை தவறினால் நோட்டீஸ், அப்புறம் ஜாமீன் போட்டவருக்கு நோட்டீஸ், அதற்கும் மசியாவிட்டால் நகை ஏலம். ஊருக்கே தெரியும்.

ஒரு திருத்தம் மட்டும் சொல்லியாக வேண்டும். ‘கார்ப்பரேட்டுக்குப் பத்து லட்சம் கோடி தள்ளுபடி’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது 2022இல் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்கு. ஐந்து நிதியாண்டுகளில் வங்கிகள் தங்கள் ஏட்டிலிருந்து நீக்கிய வாராக்கடன் மொத்தம் அது. ஏட்டிலிருந்து எடுத்தாலும் கடனாளி மீதான வழக்கும் வசூலும் நிற்காது. அதே ஐந்து ஆண்டுகளில் அப்படி நீக்கிய கணக்குகளிலிருந்து வசூலானது 1.32 லட்சம் கோடி. விவசாயக் கடன் தள்ளுபடி அப்படியில்லை, அத்தோடு கடன் தீர்ந்தது. ஆனால் இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிட்டு ‘பார்த்தாயா, தப்பே இல்லை’ என்று எழுந்து போகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஏட்டிலிருந்து நீக்கியதற்கும் வசூலானதற்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தாலே போதும்.

சரி, அப்படியானால் பழமைவாதி சொல்வதில் என்னதான் மிச்சம்? நிறைய மிச்சம் இருக்கிறது. அதற்குக் கூட்டுறவுச் சங்கம் எதற்காக வந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1890களில் சென்னை மாகாண அரசு பிரெடெரிக் நிக்கல்சன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. இங்கே விவசாயி வட்டிக்காரரிடம் சிக்கிச் சாகிறான், அங்கே எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்து வரச் சொன்னது. ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் ஏற்படுத்திய கிராமச் சங்கங்களைப் பார்த்துவிட்டு வந்து, நமக்கு வேண்டியது அப்படி ஒரு மனிதர்தான் என்று எழுதிக்கொடுத்தார் நிக்கல்சன். 1904இல் சட்டம் வந்தது. இப்போதைய திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் திரூரில் சங்கம் பதிவானது. அந்தச் சட்டப்படி கிராமச் சங்கத்துக்கு வரம்பற்ற பொறுப்பு. அதாவது ஒருத்தர் கட்டாமல் போய் சங்கம் நொடித்தால் மற்ற உறுப்பினர்களின் வீடு நிலம் வரைக்கும் கைவைக்கலாம். கேட்கவே பயமாக இருக்கிறதல்லவா? ஆனால் அதனால்தான் யாருக்குக் கடன் கொடுப்பது என்று ஊரே யோசித்தது. சூதாடுகிறவனுக்குக் கிடையாது. வெள்ளாமை பொய்த்தவனுக்கு அவகாசம் உண்டு, ஏனென்றால் பொய்த்தது எல்லோர் கண்ணிலும் பட்டது. நிலமில்லாவிட்டாலும் நடத்தை சரியாக இருந்தால் கடன் உண்டு. தனிமனிதப் பொறுப்பு என்று நான் சொல்வது இதைத்தான். எட்ட நின்று ஏழைக்குப் புத்திமதி சொல்வது அதில் சேராது.

இதை உடைத்தது கட்சிகள். எல்லாக் கட்சியும்தான், ஒருத்தரை மட்டும் சொல்ல மாட்டேன். 2006இல் ஆட்சிக்கு வந்ததும் கூட்டுறவுப் பயிர்க்கடன் ஏறத்தாழ 7,000 கோடி தள்ளுபடி. 2016இல் பதவியேற்ற அன்றே சிறு, குறு விவசாயிகளுக்கு 5,780 கோடி. அதிலும் ஐந்து ஏக்கருக்கு மேல் வைத்திருப்பவர்கள் எங்களுக்கும் வேண்டும் என்று நீதிமன்றம் போனார்கள். உயர் நீதிமன்றம் சரி என்றது, உச்ச நீதிமன்றம் 2021இல் கூடாது என்றது. அதே 2021 பிப்ரவரியில், தேர்தல் தேதி அறிவிக்கச் சில வாரம் இருக்கும்போது, 12,110 கோடி. அப்புறம் புது ஆட்சி வந்து ஐந்து பவுன் வரைக்கும் நகைக்கடன் தள்ளுபடி. இந்த வரிசையைப் பார்த்த பிறகு ஒரு விவசாயி ‘எலெக்‌ஷன் வரட்டும் சார், பாத்துக்கலாம்’ என்று சொன்னால் அவரைச் சோம்பேறி என்று திட்ட முடியுமா? அவர் கணக்குப் போடத் தெரிந்தவர்.

அந்த ஐந்து பவுன் சமாச்சாரத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் சொல்கிறேன். நகைக்கடன் எப்படி என்றால், மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பார், கல் எடை கழித்து நிகர எடை எழுதுவார், கவரில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுப் பெட்டகத்துக்குள் வைப்போம். திருப்பும்போது கடன்காரர் கண் முன்னால்தான் கவரைக் கிழிக்க வேண்டும். மூன்று பவுன் சங்கிலி வைத்திருந்த ஓர் அம்மா, மகன் காலேஜ் ஃபீஸுக்காக வைத்தது, 2021 பிப்ரவரியில் திருப்ப வந்தார். சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் கணக்கில் ஏறியதும் நேராக எங்களிடம். சங்கிலியை அங்கேயே போட்டுக்கொண்டுதான் போனார்.

தள்ளுபடி வந்தபோது 31.03.2021 அன்று நிலுவையில் இருந்த கடன்தான் கணக்கு. அந்த அம்மா ரசீதை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். பக்கத்து வீட்டுக்காரி அசலும் கட்டவில்லை, வட்டியும் கட்டவில்லை, பேர் லிஸ்டில் இருக்கிறது. ‘அப்ப நா திருப்பினது தப்பா தம்பி?’ என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது விதிமுறையைச் சொல்லிச் சமாளித்திருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ‘இல்லம்மா, நீங்க செஞ்சதுதான் சரி’ என்றேன். ‘சரின்னா எனக்கு ஏன் இல்ல?’ என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், ஏமாளியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். பணக்காரக் கடனாளிக்கும் ஏழைக் கடனாளிக்கும் நடுவில் அளவுகோல் மாறுவது எல்லோர் கண்ணிலும் படுகிறது, எல்லோரும் பேசுகிறார்கள். கட்டினவருக்கும் கட்டாதவருக்கும் நடுவில் மாறுவதைப் பேச யாரும் இல்லை. இடதுசாரி மேடையில் ‘மல்லையாவுக்கு ஒரு நியாயம், மாரியப்பனுக்கு ஒரு நியாயமா’ என்பார்கள். தொழிலதிபர்கள் பக்கம் ‘நாங்கள் வேலை கொடுக்கிறோம், எங்களை விவசாயியோடு ஒப்பிடுவதா’ என்பார்கள். இரண்டு பேரும் வாதாடுவது கட்டாதவருக்காகத்தான், ஆள்தான் வேறு. கட்டினவருக்குக் கட்சியே இல்லை.

இன்னொன்று. தள்ளுபடிப் பணம் யாருக்குப் போனது என்று பார்த்தால் மாரியப்பனுக்கு முழுசாகப் போய்ச் சேரவில்லை. நகைக்கடனில் முதலில் ஆய்வு செய்தபோது 48.84 லட்சம் கடன்களில் 35 லட்சத்துக்கு மேல் தகுதியில்லை என்று அரசே சொன்னது. குடும்பத்துக்கு மொத்தம் 40 கிராம் என்பது விதி. ஐந்து ஐந்து பவுனாகப் பிரித்துப் பல சங்கங்களில் வைத்தவர்கள் மாட்டினார்கள். அதோடு 41 கிராம் வைத்திருந்த ஏழையும் வெளியே போனார், அதையும் சொல்ல வேண்டும். பயிர்க்கடனுக்குச் சிட்டா, அடங்கல் என்ற நில ஆவணங்கள் வேண்டும். நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் கடன், அவருக்குத்தான் தள்ளுபடி. வாய்வார்த்தைக் குத்தகைக்கு உழுகிறவர் வாரக் குழுவில், அதாவது வாராவாரம் வசூலிக்கும் நுண்கடன் குழுவில், கடன் வாங்குகிறார், வட்டி இருபது சதவீதத்துக்கு மேல், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பணம் இருந்தாக வேண்டும். அவர் மனைவி ஒரு வாரம் தவறாமல் கட்டுகிறார். இந்த ஊரில் பொறுப்பான கடனாளி யார் என்று என்னைக் கேட்டால் அந்தப் பெண்களைத்தான் காட்டுவேன். தள்ளுபடி அறிவிப்பு எதிலும் அவர்கள் வாரத் தவணை வந்ததில்லை.

என் பக்கத்து ஆட்களையும் விடுவதாக இல்லை. ‘என் வரிப்பணத்தில் இலவசமா’ என்று டீக்கடையில் கொதிக்கிறவர்களில் எத்தனையோ பேர் மனை வாங்கும்போது பத்திரத்தில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை. ஊரில் பெரிய வீட்டுக்காரர்கள் சிலர் மனைவி பேரில், மகன் பேரில், வீட்டு வேலையாள் பேரில் என்று கடன் எடுத்துத் தள்ளுபடிக்குக் காத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அவர்களே கோயில் கமிட்டியில் உட்கார்ந்து ‘ஜனங்களுக்கு நாணயம் போச்சு’ என்பார்கள். இவர்களை வைத்து நீங்கள் பழமைவாதத்தை எடை போட்டால் எனக்கு ஆட்சேபிக்க வாயில்லை. ஆனால் அவர்கள் செய்ததைத் தப்பு என்று சொல்ல வேண்டுமென்றால், ஆளுக்கு ஏற்ப மாறாத ஒரு விதி வேண்டும் இல்லையா? நான் கேட்பதும் அதைத்தான்.

‘அப்போ வறட்சி வந்தாலும் கட்டியே ஆகணுமா?’ என்று கமெண்டில் கேட்பீர்கள், தெரியும். 2016இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைவு. டெல்டாவில் பயிர் நின்ற இடத்திலேயே கருகியது. மறு வருஷம் அய்யாக்கண்ணு தலைமையில் விவசாயிகள் மண்டை ஓடுகளோடு டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்ததை நாடே பார்த்தது. அந்த வருஷம் கட்டாதவரைப் பொறுப்பில்லாதவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

ஆனால் நட்டத்துக்கு உதவி வேறு, கடனுக்கு உதவி வேறு. பயிர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் குறுகியகாலக் கடனை மத்தியகாலக் கடனாக மாற்றி, தவணையைத் தள்ளிப்போட வழி இருக்கிறது. பயிர்க் காப்பீடு இருக்கிறது. சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம், மீதியை அரசுகள் போடுகின்றன. கிராமத்தின் மகசூல் விழுந்தால், காப்பீடு செய்தவர்களில் கடன் இருப்பவருக்கும் வரும், இல்லாதவருக்கும் வரும். மாட்டை விற்றுக் கடனைக் கட்டியவருக்கும் வரும். தள்ளுபடியில் அவருக்கு ஒன்றுமில்லை. காப்பீட்டுப் பணம் வர ஒரு வருஷம் இழுக்கும், பக்கத்துக் கிராமத்துக்கு வரும் நமக்கு வராது, இந்தக் குறையெல்லாம் உண்மை. அந்தக் குறையைத் தீர்க்கச் சொல்லி ஒரு கட்சி ஓட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை. தள்ளுபடி ஒரு கையெழுத்து, மறுநாள் பேப்பரில் தலைப்பு.

அந்தக் கையெழுத்துக்குப் பிறகு சங்கத்தில் என்ன நடக்கும் என்பதும் வெளியே தெரியாது. அரசு பணத்தை ஒரே நாளில் தருவதில்லை, வருஷக்கணக்கில் தவணையாகத் தரும். அதுவரை கையில் சுழற்சிக்குப் பணம் குறைவு. மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி ‘பழைய பாக்கி வரட்டும்’ என்று கையை இறுக்கும். புதிதாகக் கடன் கேட்டு வருகிறவர், அவர்தான் ஒழுங்காகக் கட்டினவர், திரும்பத் திரும்ப நடப்பார். ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாக இருக்கும்.

கட்டினவருக்கு எதுவுமே செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. கெடுவுக்குள் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லை என்பது தமிழ்நாட்டில் 2009இலிருந்து நடப்பில் இருக்கிறது. நல்ல திட்டம், நான் மனதார ஆதரிக்கிறேன். ஆனால் பக்கத்தில் ஒருவருக்கு அசலே இல்லை என்று ஆகும்போது வட்டி இல்லை என்பது என்ன சலுகை? மகாராஷ்டிரத்தில் இதை யாரோ யோசித்திருக்கிறார்கள். 2017 தள்ளுபடியில் ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு 25,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு என்று சேர்த்தார்கள். 2019இல் ஆட்சி மாறி வந்த அடுத்த திட்டத்தில் அதை 50,000 வரை உயர்த்தினார்கள். தள்ளுபடியே கூடாது என்பதுதான் என் கட்சி. போட்டே தீருவேன் என்றால் அந்த ஒரு பிரிவையாவது சேர்த்துப் போடச் சொல்வேன். 2021 அறிவிப்புகளில் இங்கே அது இல்லை, கேட்டு யாரும் போராடி நான் பார்க்கவும் இல்லை.