30 ஆம்பியர் ஃபியூஸும் 2,000 வாட் வாக்குறுதியும்

கேள்வி: காருக்கு 680 வெள்ளியில் ஓர் ஆம்பிளிஃபயர் வாங்கினேன். 2,000 வாட் என்று பெட்டியில் இருந்தது. “ஆர்எம்எஸ் அளவே 2,000” என்று விற்பனையாளர் வாட்ஸ்அப்பிலும் எழுதினார். ஆனால் கருவியில் இருப்பது 30 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றுதான். அவ்வளவு சக்தி வரவே வராது என்கிறார் மைத்துனர். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று ரசீதைக் காட்டுகிறார் கடைக்காரர். வாங்கி மூன்று மாதம் ஆகிறது. என்ன செய்யலாம்?
- ஈசூன் வாசகர், சிங்கப்பூர்

பதில்: மைத்துனர் சந்தேகப்பட்டது நியாயமே. என்ஜின் ஓடும்போது கிடைப்பது ஏறத்தாழ 14.4 வோல்ட். அதை 30 ஆம்பியரால் பெருக்கினால் 432 வாட். அதுவும் உள்ளே போகும் சக்திதான். ஒரு பகுதி வெப்பமாகிவிடும். சக்தியை அதிகம் வீணாக்காத கிளாஸ் டி வகையானாலும் தொடர்ந்து வெளிவருவது 350 வாட்டை ஒட்டியே இருக்கும்.

ஆனாலும் ஃபியூஸை மட்டும் நம்பி வழக்குக்குப் போகாதீர்கள். ஃபியூஸ் இருப்பது கம்பி எரியாமல் காக்க. சக்தியை அளக்க அல்ல. கண நேரத்திற்கு அதன் அளவைத் தாண்டிய மின்னோட்டத்தையும் அது தாங்கும். பெட்டியில் உள்ளது கண நேரம் மட்டும் எட்டும் உச்ச அளவு என்று கடைக்காரர் வாதிட இடமுண்டு. அந்த வாதத்தை உடைப்பது வாட்ஸ்அப் செய்திதான். ஆர்எம்எஸ் என்றால் தொடர்ந்து தரும் சக்தி. தேதி தெரியும்படி அதை இன்றே படமெடுத்து வையுங்கள். பிறகு வேறொரு பட்டறையில் 14.4 வோல்ட்டில், 4 ஓம் சுமையில் (ஸ்பீக்கருக்கு ஈடான மின்தடை) அளந்து எழுத்தில் வாங்குங்கள். பெரிய ஃபியூஸைப் போட்டுச் சோதிக்கவே வேண்டாம். தீப்பிடிக்கும் ஆபத்து ஒருபுறம். கருவியைக் கெடுத்ததே நீங்கள்தான் என்ற பழியும் வரும்.

விற்பனையில் சொன்ன விவரத்திற்குப் பொருள் பொருந்த வேண்டும் என்கிறது பொருள் விற்பனைச் சட்டம். இல்லாத திறனை இருப்பதாகச் சொல்லி விற்பது பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாயமான வர்த்தகம்) சட்டப்படி நியாயமற்ற செயல். ரசீதில் அச்சிட்ட ஒரு வரி இந்தச் சட்டம் தரும் உரிமையைப் பறித்துவிடாது. 2012 முதல் நடப்பிலுள்ள ‘லெமன்’ சட்டமும், அதாவது குறையுள்ள பொருள் பற்றிய சட்டமும், உங்கள் பக்கம்: ஆறு மாதத்திற்குள் தெரியவரும் குறை, பொருளைக் கொடுத்தபோதே இருந்ததாகக் கருதப்படும். இல்லையென்று காட்டுவது கடைக்காரர் பொறுப்பு. முதலில் பழுதுநீக்கம் அல்லது மாற்றுப் பொருள் கேளுங்கள். 350 வாட் கருவியைப் பழுதுபார்த்து 2,000 ஆக்க முடியாது என்பதால், விலைக்குறைப்போ பணமோ கேட்கும் நிலை விரைவில் வரும்.

எழுத்தில் கேட்டும் மறுத்தால், பயனீட்டாளர் சங்கத்தின் உதவியை நாடலாம், அல்லது நேரே சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் இணையம்வழி மனு செய்யலாம். உங்கள் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளி. இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது, கடைக்காரருக்கும் அப்படியே. செய்தியின் படம், ரசீது, பெட்டி, அளவீட்டுத் தாள் நான்கையும் கையோடு கொண்டுபோங்கள்.