கைப்பிடி மட்டும் போதுமா?

கேள்வி: அமெரிக்காவில் விற்கப்படும், குழலடிப் பிடியை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் சில பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன்களில் தோளில் பதிக்கும் கட்டையே இல்லாமல் பிஸ்டல் கைப்பிடி மட்டும் இருக்கிறதே, அது நடைமுறைக்கு உகந்ததா?

பதில்: பெரும்பாலும் உகந்ததல்ல என்பதே என் உறுதியான கருத்து. 12 போர் என்னும் குழல் அளவுக்கான தோட்டா வெடிக்கும்போது எழும் பின்னுதைப்பைத் தோள் தாங்கவேண்டிய இடத்தில், அது முழுவதும் மணிக்கட்டில் இறங்குகிறது. கட்டையில் கன்னம் பதித்துக் குழலின் வழியே பார்க்கவும் முடியாததால், இடுப்பருகே பிடித்துக் குத்துமதிப்பாகச் சுடும் நிலை ஏற்படுகிறது. ஷாட்கன் தோட்டாவிலிருந்து பாயும் சிறு உலோகக் குண்டுகளான ரவைகள் பரவலாகச் சிதறும், குறியே வேண்டாம் என்று பலர் நம்புகிறார்கள். ஓர் அறையின் நீளத்துக்குள் அவை ஏறக்குறைய ஒரு கையகலமே விரியும் என்பதால், அந்த நம்பிக்கை ஆபத்தானது.

மாஸ்பெர்க் 500 என்னும் பம்ப் ஷாட்கன் வகையில் இன்னொரு சிக்கலும் உண்டு. தவறுதலாகச் சுடாமல் தடுக்கும் அதன் பாதுகாப்புப் பொத்தான் துப்பாக்கியின் மேற்புறத்தில், பின்கோடியில் அமைந்திருக்கிறது; நேரான கட்டையைப் பிடித்தவரின் கட்டைவிரல் இயல்பாக அங்கே போய்ச்சேரும், ஆனால் பிஸ்டல் கைப்பிடியைப் பிடித்தவர் பிடியைத் தளர்த்தினால்தான் அதை எட்டமுடியும். ரெமிங்டன் 870 என்னும் மற்றொரு பம்ப் ஷாட்கனில் அப்பொத்தான் விசைக்குப் பின்னால் இருப்பதால் இத்தொல்லை குறைவு.

கதவின் பூட்டை உடைத்து நுழையும் காவல் படையினருக்குக் குறுகிய நீளம் உண்மையிலேயே உதவும். வீட்டுக் காவலுக்கு வாங்குபவர், தோள்கட்டையோடு பிஸ்டல் கைப்பிடியும் இணைந்த வகையைப் பார்க்கலாம்.