மெக்கானிக்கல் படித்தவனுக்குப் பவர் பிளான்ட்டில் என்ன வேலை?

வணக்கம் ஐயா. மகன் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான், பவர் பிளான்ட்டுக்கு ட்ரிபிள் ஈ (மின், மின்னணுப் பொறியியல்) படித்தவர்களைத்தான் எடுப்பார்கள் என்று உறவினர் சொன்னார், அனல்மின் நிலையங்களை எல்லாம் மூடப்போகிறார்கள் என்று இன்னொருவர் சொன்னார் என எழுதியிருக்கிறீர்கள். முதலாமவர் சொன்னது தவறு. இரண்டாமவர் சொன்னது பாதி சரி.

ஜெனரேட்டருக்கு முன்னால் இருப்பதில் பெரும்பகுதி மெக்கானிக்கல்தான். நிலக்கரியை மாவாக அரைக்கும் மில், பாய்லர், 540 டிகிரி நீராவியில் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் டர்பைன், பம்புகள் எல்லாமே. பாய்லர் டியூப் ஒன்று ஓட்டையாகிவிட்டது என்று வையுங்கள். உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் நீராவிக்கும் கணக்கு உதைக்கும். கன்ட்ரோல் ரூமில் இருப்பவர் அதைக் கவனித்து, பாய்லர் பக்கம் ஆளை அனுப்பி, சீறும் சத்தம் கேட்கிறதா என்று வாக்கிடாக்கியில் விசாரிப்பார். கேட்டால் மின் உற்பத்தியைக் குறைத்து யூனிட்டை, அதாவது பாய்லர், டர்பைன், ஜெனரேட்டர் சேர்ந்த அந்தத் தொகுதியையே, நிறுத்த வேண்டியதுதான். சூடு தணிந்தபின் மேன்ஹோல் வழியாக நுழைந்து, சாரம் கட்டி, பழுதான துண்டை அறுத்தெடுத்து, புதுத் துண்டை வெல்டிங் செய்து, தண்ணீர் அழுத்தச் சோதனையும் பார்த்த பிறகே பாய்லரில் மறுபடி நெருப்பு மூட்டுவார்கள். தீபாவளி அன்று ஓட்டை விழுந்தாலும் இதே கதைதான்.

அதனால் வீட்டில் பேச வேண்டியது ஷிஃப்டைப் பற்றி. ஆபரேஷன் பிரிவு என்றால் காலை, மதியம், இரவு என்று மாறி மாறி வரும். நல்ல நாள், கெட்ட நாள் கிடையாது. மெயின்டனன்ஸில் பெரும்பாலும் பகல் வேலை, ஆனால் ராத்திரி போன் வரும். பையன் இதற்குச் சம்மதிக்கிறானா என்று கேளுங்கள். உங்கள் சம்மதம் அப்புறம்.

மூடுவதைப் பற்றி: எண்ணூர் பழைய அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது உண்மை. ஆனால் உடன்குடியில் தலா 660 மெகாவாட்டில் இரண்டு யூனிட்டுகளைக் கட்டியிருக்கிறார்கள். கூடங்குளத்தில் ஓடும் இரண்டு உலைகள் போக இன்னும் நான்குக்கு வேலை நடக்கிறது. அணுவில் மாறுவது வெப்பம் வரும் இடம். டர்பைனும் பம்பும் அங்கேயும் உண்டு. சர்க்கரை ஆலைகள் கரும்புச் சக்கையை எரித்து நடத்தும் இணைமின் நிலையங்களும் பாய்லர் தெரிந்தவரைத்தான் தேடும்.

வேலைக்கு நல்ல வாசல் கேட் (GATE) எனும் பொறியியல் படிப்பவர்களுக்கான தேசியத் தேர்வு. மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம், மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். மத்திய அரசின் மின் உற்பத்தி நிறுவனமான என்.டி.பி.சி. டிரெயினி பணிக்குப் பொதுப் பிரிவினரிடம் பட்டப்படிப்பில் 65 சதவீதம் கேட்டு வந்திருக்கிறது, அணுமின் கழகம் 60. கேட்டில் நல்ல ரேங்க் எடுத்தும் கல்லூரி மதிப்பெண் ஒட்டாமல் போனவர்கள் உண்டு, இப்போதே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கேட் அமையாவிட்டால் நெய்வேலியில் தேசிய மின்சக்திப் பயிற்சி நிறுவனம் நடத்தும் ஓராண்டு டிப்ளமோ இருக்கிறது; கட்டணம் கட்டும் முன் வேலைவாய்ப்பு விவரத்தை நேரில் கேளுங்கள். கான்ட்ராக்ட் கம்பெனியில் சேர்ந்தால் சம்பளம் குறைவு. ஆனாலும் யூனிட்டைக் கையாளும் அனுபவம் கிடைக்குமானால் ஓரிரு வருடம் பொறுக்கலாம். ஆளே இல்லாத மூலையில் ரீடிங் எழுதும் வேலை என்றால் வேண்டாம்.

'ஈபியில் வாங்கித் தருகிறேன், இத்தனை லட்சம்' என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று, பலர் கடைசியில்தான் கவனிக்கிறார்கள்: நிறப்பார்வைக் குறைபாடு இருந்தால் மருத்துவப் பரிசோதனையில் நிராகரிக்கப்பட வாய்ப்பு அதிகம். கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன் ஒரு கண் மருத்துவரிடம் காட்டிவிட்டு எனக்கு எழுதுங்கள்.