நீலப் பலகைகள்

கேள்வி: அமெரிக்காவின் மிசிசிப்பியில் ப்ளூஸ் என்னும் கறுப்பின அமெரிக்க இசையின் கலைஞர்களுக்குச் சாலையோரம் நினைவுப் பலகைகள் இருக்கின்றனவாமே, போய்ப் பார்க்கலாமா?

பதில்: அவசியம் பாருங்கள். முதல் பலகையை 2006 டிசம்பரில் ஹாலி ரிட்ஜ் என்ற ஊரில், ப்ளூஸ் முன்னோடி சார்லி பேட்டன் கல்லறை அருகே திறந்தார்கள். இப்போது 200-ஐத் தாண்டிவிட்டது. முன்பக்கத்தைப் படித்ததும் காரில் ஏறிவிடாதீர்கள். பழைய புகைப்படங்களும் விரிவான வரலாறும் பின்பக்கத்தில்தான் இருக்கின்றன.

என்னை உலுக்கியது கிளார்க்ஸ்டேல் நகரின் ரிவர்சைடு ஹோட்டல் பலகை. அந்தக் கட்டடம் முன்பு கறுப்பினத்தவருக்கான மருத்துவமனை. கார் விபத்தில் சிக்கிய ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் 1937-இல் அங்கேதான் இறந்தார். வெள்ளையர் மருத்துவமனை அவரைத் திருப்பி அனுப்பியதாக இன்றும் சொல்வார்கள், அது கட்டுக்கதை. 1944-இல் அந்தக் கட்டடம் ஹோட்டலானது. வெள்ளையர் விடுதிகளில் இடம் மறுக்கப்பட்ட கறுப்பினக் கலைஞர்கள் அங்கே தங்கினார்கள். ஐக் டர்னரும் அவர்களில் ஒருவர்.