வாசகர் கேள்வி – பதில்: உள்ளக ஹொக்கி

அக்காவின் மகள் டென்மார்க்கில் இருக்கிறாள். ஐரோப்பியப் பெண்கள் உள்ளக ஹொக்கியின் இரண்டாம் பிரிவுப் போட்டியைப் பார்க்கச் சொன்னாள். கடைசிச் சுற்று தொடங்க முதலே அட்டவணையில் ஓர் அணிக்கு 3 புள்ளி போட்டிருந்தது. பிழையா?
*வாசகி, கோண்டாவில்*

பிழையில்லை, முதற்சுற்றிலிருந்து கொண்டுவந்த புள்ளி. வழமையான முறையைச் சொல்கிறோம். எட்டு அணிகள், நான்கு நான்காக இரண்டு குழு. ஒவ்வொரு அணிக்கும் குழுவுக்குள் மூன்று ஆட்டம். இரு குழுக்களிலும் முதல் இரண்டு இடம் பிடித்தவை மேல் குழுவுக்கும், மற்ற நான்கும் கீழ்க் குழுவுக்கும் போகும். ஏற்கெனவே மோதிய இரு அணிகள் மறுபடி மோதுவதில்லை. அந்த ஆட்டத்தின் முடிவு அப்படியே புதுக் குழுவுக்கு வரும்.

சிவப்பு அணி நீல அணியை 3–1 என வென்றது, இரண்டும் மேல் குழுவுக்கு வந்தன என்று வையுங்கள். சிவப்பு 3 புள்ளி, இரண்டு கோல் மிகுதியோடு தொடங்கும். நீலம் வெறுங்கையோடு தொடங்கும். அதேவேளை, நான்காம் இடத்து அணிக்கு நீலம் அடித்த பத்துக் கோலும் கணக்கில் வராது. ஆகவே பலவீனமான அணிக்கு எதிராகக் கோல் குவிப்பதைவிட, கூட மேலேறக்கூடிய அணியிடம் தோற்காமல் இருப்பதே பெறுமதி. மேல் குழுவின் முதல் இரண்டு அணிகள் முதலாம் பிரிவுக்கு ஏறும். கீழ்க் குழுவின் கடைசி இரண்டு மூன்றாம் பிரிவுக்கு இறங்கும். கீழ்க் குழுவின் கடைசி ஆட்டத்தில் அழுகிறார்களே என்று யோசித்தீர்கள் என்றால், காரணம் அதுதான். பிரிவின் அளவும் ஏறும் அணிகளின் தொகையும் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். அந்தந்தப் போட்டியின் விதியைப் பாருங்கள்.

மாரியில் எங்கள் பள்ளி மைதானம் வெள்ளம். மண்டபத்துக்குள் பெண் பிள்ளைகளுக்கு உள்ளக ஹொக்கி தொடங்கலாமா? பக்கப் பலகைக்கு என்ன செய்வது?
*உடற்கல்வி ஆசிரியை, சாவகச்சேரி*

முதலில் அளவுநாடாவை எடுங்கள். களம் குறைந்தது 36 மீற்றர் நீளம், 18 மீற்றர் அகலம். கூடியது 44 × 22. கூடைப்பந்துத் திடல் 28 × 15தான், காணாது. கைப்பந்துக் (handball) களம் 40 × 20 இருந்தால் பாதி வேலை முடிந்தது: அதன் கோல் கம்பமும் இதைப் போலவே 3 மீற்றர் அகலம், 2 மீற்றர் உயரம், 9 மீற்றர் முறிகோட்டை முழுக் கோடாக்கினால் ஹொக்கியின் சுடும் வட்டம் வந்துவிடும். மண்டபம் சிறிதென்றால் ஆறு பேருக்குப் பதில் நான்கு பேர், வட்டத்தை 7 மீற்றராக்கிப் பயிற்சி செய்யுங்கள். போட்டி என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள்.

பலகைதான் இந்த ஆட்டத்தின் உயிர். 10 செ.மீ. உயரம், 10 செ.மீ. தடிப்பு, இரு பக்கக் கோட்டிலும் மட்டும், கோல் கோட்டில் இல்லை. 40 மீற்றர் களத்துக்கு 2.5 மீற்றர் துண்டாக 32 வேண்டும். மரக்காலையில் கேட்டால் பனஞ்சலாகைதான் மலிவு என்பார்கள். வேண்டாம், பனை சிராம்பு எழும், பிள்ளைகள் அதன் மேல் விழுவார்கள். நன்றாகச் சீவிய வேறு மரம் எடுங்கள். பாரமான மரம் என்றால் துண்டொன்று 17–18 கிலோ வரும், இருவர் தூக்கலாம்.

உட்பக்க முகம் 1 செ.மீ. களத்துப் பக்கம் சாய வேண்டும்: மேல் விளிம்பு முன்னுக்கு, கீழ் விளிம்பு பின்னுக்கு. அப்போது மோதும் பந்து தரையிலேயே திரும்பும். திருப்பி வைத்தால் பந்து ஏறிக் குதித்து ஒருவரின் முழங்காலைப் பதம் பார்க்கும். இது அடிக்கடி நடக்கும் பிழை, எனவே உட்பக்கத்துக்கு மட்டும் நிறம் பூசுங்கள். துண்டுகளின் பொருத்தில் ஒரு மில்லிமீற்றர் முனை நீட்டினாலும் பந்து திசை மாறும், உளியால் சீவிவிடுங்கள். அடியில் பழைய சைக்கிள் ரியூப்பைக் கீலமாக வெட்டி ஒட்டினால், பிள்ளைகள் சாய்ந்தாலும் பலகை வழுக்காது.

சீமெந்துத் தரையென்றால் தூசியை ஈரத்துணியால் துடைத்து, முற்றாகக் காய்ந்த பிறகே இறக்குங்கள். பள்ளமிட்ட வெளிக்களப் பந்து உள்ளே துள்ளும், வழுவழுப்பானது வாங்குங்கள்.

வெளிக்களத்தில் நன்றாக ஆடுவேன். உள்ளே வந்தால் பந்து எழும்பி எழும்பி நடுவர் விசில் ஊதுகிறார். ஏன்?
*மாணவி, அளவெட்டி*

உள்ளே பந்தை அடிக்கக்கூடாது, தள்ள மட்டுமே. வட்டத்துக்குள் நின்று கோலுக்குச் சுடும்போது தவிர உயர்த்தவும் கூடாது. உங்களுடையது பெரும்பாலும் பந்தை வாங்கும் பிழை. மட்டையைச் செங்குத்தாக வைத்து வாங்கினால் வேகப் பந்து ஏறிவிடும். மட்டையைத் தரையோடு படுக்கவையுங்கள். முகத்தைச் சற்றுக் கவிழுங்கள். இடது கை விரல் முட்டிகள் தரையில் உரசும், அதனால்தான் அந்தக் கைக்குத் தடித்த கையுறை. வாங்கும்போது 10 செ.மீ. வரை எழுந்தால், எட்டும் தூரத்தில் எதிராளி இல்லாவிட்டால் குற்றமில்லை.

தள்ளும்போது எழும்பினால் பந்து இடது பாதத்துக்கு மிக முன்னால் போயிருக்கும், மட்டை விரிந்திருக்கும். இரண்டு தண்ணீர்ப் போத்தலுக்கு இடையே 10 செ.மீ. உயரத்தில் நூல் கட்டி, அதன் கீழே நூறு முறை தள்ளுங்கள்.

பச்சை அட்டைக்கு எத்தனை நிமிடம் வெளியே?
*வாசகர், நெல்லியடி*

ஒன்று. மஞ்சளுக்குக் குறைந்தது இரண்டு. பத்து நிமிடக் கால்பகுதி நான்குதான் ஆட்டம், களத்தில் ஆறே பேர். ஒருவர் குறைந்தால் அந்த இரண்டு நிமிடமும் பெரிய ஓட்டை.

கோல் காப்பாளருக்கு வெளிக்கள உடுப்பே போதுமா?
*பழைய மாணவி, மானிப்பாய்*

போதும். காலணிக் கவசத்தின் அடிப்பட்டி சீமெந்தில் சீக்கிரம் தேயும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் பாருங்கள். உலோகக் கொக்கி தரையைக் கீறாமல் மேலே ரேப் சுற்றிவிடுங்கள்.