தானியம், பருப்பு, பால் இல்லாத 30 நாள்: எவ்வளவு சாப்பிடுவது?

தானியம், பருப்பு வகைகள், பால் பொருட்கள், சேர்க்கப்பட்ட சர்க்கரை, மது ஆகியவற்றை 30 நாள் முழுக்க நிறுத்திவிட்டு, பிறகு வகை வகையாகத் திரும்பச் சேர்த்து, எது உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கும் முறை ஹோல்30. 2009-ல் அமெரிக்காவில் மெலிசா அர்பன், டல்லாஸ் ஹார்ட்விக் இருவரும் தொடங்கியது. எதைச் சாப்பிடலாம், எதைக் கூடாது என்ற பட்டியல் எல்லோர் கையிலும் இருக்கிறது. எனக்கு வந்த வாசகர் கேள்விகள் பெரும்பாலும் அளவைப் பற்றியவை. கலோரி எண்ணக்கூடாது, உணவை எடை போட்டுப் பார்க்க வேண்டாம் என்று இந்த முறையே சொல்கிறது. அப்படியென்றால் எதை வைத்துத்தான் அளப்பது?

மதுரையிலிருந்து: அக்கா, காலையில ரெண்டு அவிச்ச முட்டை, ஒரு கிளாஸ் கடுங்காப்பி. பத்தரைக்கெல்லாம் பசியில கை நடுங்குது. இந்த டயட்டே எனக்கு ஒத்துவரலையா?

டயட் ஒத்துவராமல் இல்லை தங்கச்சி, காலைச் சாப்பாடு போதவில்லை. இரண்டு முட்டையில் சுமார் 12 கிராம் புரதம், 150 கலோரிக்குள். முன்பு சாப்பிட்ட நாலு இட்லியும் சாம்பாரும் சட்னியும் இதைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாது. உடம்பு கணக்குக் கேட்கிறது, அவ்வளவுதான்.

முட்டை மட்டுமே பிரதான உணவு என்றால், உங்கள் ஒரு கையில் எத்தனை முட்டை கீழே விழாமல் நிற்குமோ அத்தனை. பெரும்பாலோருக்கு மூன்று, பெரிய கை என்றால் நான்கு. அதோடு காய்கறி கட்டாயம் வேண்டும். நாளைக் காலை இப்படிச் செய்து பாருங்கள்: வெங்காயம், தக்காளி, குடைமிளகாயைத் தேங்காய் எண்ணெயில் நன்றாக வதக்கி, மூன்று முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள். பக்கத்தில் கேரட், பீன்ஸ் பொரியல், தட்டில் பாதியை அடைக்கும் அளவுக்கு. தாளிக்கும்போது உளுத்தம்பருப்பு வேண்டாம், தேங்காய்த் துருவல் தாராளமாகப் போடுங்கள். ஒரு சின்ன சர்க்கரைவள்ளிக் கிழங்கு வேகவைத்து வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு முடித்த நேரத்தைப் பார்த்துக்கொண்டு, அடுத்து நிஜமான பசி எப்போது வருகிறது என்று கவனியுங்கள். நாலு மணி நேரம் தாங்கினால் அளவு சரி. இரண்டு மணி நேரத்தில் பசித்தால் மறுநாள் முட்டையையோ கொழுப்பையோ கூட்டுங்கள்.

எல்லோருக்கும் சேர்த்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் தட்டில் சோறுதான் இதுவரை அளவைத் தீர்மானித்தது. ஒரு கரண்டிப் பொரியல், இரண்டு துண்டு மீன் என்பதெல்லாம் ஒரு தட்டுச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைத்த கணக்கு. சோற்றை எடுத்துவிட்டு மற்றதை அதே அளவில் விட்டால் அது பட்டினி. முதல் வாரத்தில் இதை விட்டு ஓடுகிறவர்கள் பெரும்பாலும் பசியால்தான் ஓடுகிறார்கள். இதில் அதிகமாகச் சாப்பிட்டுக் கெட்டவர்களைவிடக் குறைவாகச் சாப்பிட்டுத் தளர்ந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

நியூஜெர்சியிலிருந்து: "உள்ளங்கை அளவு கறி" என்று போட்டிருக்கிறார்கள். யார் உள்ளங்கை? எலும்பு சேர்த்தா, சேர்க்காமலா?

சாப்பிடுகிறவரின் உள்ளங்கை. ஐந்தடிப் பெண்ணுக்கும் ஆறடி ஆணுக்கும் கை வேறு, தேவையும் வேறு. கையால் அளப்பதில் உள்ள வசதியே அதுதான். விரல்களைச் சேர்க்காதீர்கள். உள்ளங்கையின் நீள அகலம், அதன் தடிமன். ஒரு வேளைக்கு அப்படி ஒன்று முதல் இரண்டு. சமைத்த கறியில் ஓர் உள்ளங்கை என்பது ஏறக்குறைய 100 கிராம், புரதம் 25 கிராம் பக்கம் வரும்.

எலும்பு கணக்கில் வராது. நம் வீட்டுக் கோழிக்குழம்பில் ஏமாறுவது இங்கேதான். நாலு துண்டு போட்டுக்கொண்டு நிறையச் சாப்பிட்டதாக நினைப்போம், எலும்பை ஒதுக்கினால் கறி ஒரு பிடிதான் தேறும். வஞ்சிரம் மாதிரி பெரிய மீன் என்றால் கைத் தடிமனில் ஒரு துண்டு. மத்தி என்றால் நாலைந்து மீன், முள் நீக்கியபின் உள்ளங்கை நிறைகிறதா என்று பாருங்கள்.

திருச்சியிலிருந்து: சோறு இல்லாம வயிறு நிறைஞ்ச மாதிரியே இல்லம்மா. மரவள்ளிக் கிழங்கு எவ்வளவு வேணாலும் சாப்பிடலாமா?

கிழங்கு தாராளமாக அனுமதி, ஆனால் எல்லாக் கிழங்கும் ஒன்றல்ல. 100 கிராம் உருளைக்கிழங்கில் மாவுச்சத்து சுமார் 17 கிராம், சர்க்கரைவள்ளியில் 20, மரவள்ளியில் 38. மரவள்ளி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆகவே மரவள்ளி, சேப்பங்கிழங்கு, நேந்திரங்காய் ஆகியவற்றில் ஒரு வேளைக்கு உங்கள் மூடிய கை அளவு ஒன்று போதும். உடல் உழைப்பு உள்ளவர், ஓடுகிறவர், தாய்ப்பால் கொடுப்பவர் இரண்டாக வைத்துக்கொள்ளலாம். மரவள்ளியைத் தோலும் நடுநாரும் நீக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இதில் அலட்சியம் கூடாது.

வயிறு நிறைந்த உணர்வு இல்லை என்கிறீர்களே, அதற்குக் காய்கறியைப் பெருக்குங்கள். புடலங்காய், சுரைக்காய், வெண்பூசணி, முட்டைகோஸ், வாழைத்தண்டு. வெந்தபின் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு கட்டு முளைக்கீரை வெந்தால் சின்னக் கிண்ணத்தில் அடங்கிவிடும். கறிக்கும் கொழுப்புக்கும் இடம் விட்டதுபோக மிச்சத் தட்டு முழுவதும் காய்தான்.

நாகர்கோவிலிலிருந்து: எங்க வீட்டுல தேங்காய் இல்லாம எதுவும் கிடையாது. அவியல், தீயல், மீன்கறி எல்லாத்துலயும் தேங்காய். கூடிப்போகுதோன்னு பயம்.

பயப்படாதீங்க. ஒரு வேளைக்குக் கொழுப்பின் அளவு இப்படி: எண்ணெய் அல்லது நெய் என்றால் கட்டைவிரல் அளவு ஒன்று முதல் இரண்டு, தேங்காய் என்றால் விரித்த கையில் ஒன்று அல்லது இரண்டு கை, தேங்காய்ப்பால் என்றால் 100 முதல் 200 மில்லி. இவற்றில் ஒன்றோ இரண்டோ, எல்லாம் சேர்த்து அல்ல. அரைத்த தேங்காயில் மீன்கறி வைத்த அன்று அவியலிலும் நிறையத் தேங்காய், மேலே தேங்காய் எண்ணெய் என்று போனால்தான் மந்தமாகும்.

குழம்பில் இருக்கும் தேங்காய் முழுவதும் உங்களுக்கு இல்லை, அதையும் பாருங்கள். நாலு பேருக்கு ஒரு மூடித் தேங்காய் அரைத்தால் உங்கள் பங்கு கால் மூடி. அவியலில் தயிருக்குப் பதில் புளியோ மாங்காயோ. கடைப் பெருங்காயத்தூளில் மைதாவோ அரிசி மாவோ கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

முந்திரி, பாதாம் மட்டும் கண்டிப்பு. மூடிய கைக்குள் அடங்குவது, அதுவும் எப்போதாவது. வேர்க்கடலை பருப்பு வகையில் சேரும், அது 30 நாளும் கிடையாது.

சிங்கப்பூரிலிருந்து: மாலை நாலு மணிக்கு ஆபீஸில் எல்லோரும் டீயும் பிஸ்கட்டுமாக உட்காரும்போது பசிக்கிறது. இது பசியா, ஆசையா, எப்படித் தெரிந்துகொள்வது?

"ஆவியில் வேகவைத்த மீனும் ப்ராக்கலியும் கொடுத்தால் இப்போது சாப்பிடுவேனா?" என்று கேட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள் இந்த முறையில். நம் வாய்க்கு ஏற்றபடி, உப்பும் மிளகும் மட்டும் போட்ட அவித்த முட்டையும் வெறும் பீன்ஸ் பொரியலும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சாப்பிடத் தோன்றினால் பசி. சாப்பிட்டுவிடுங்கள், பசியோடு உட்கார்ந்திருப்பதில் எந்தப் பெருமையும் இல்லை. அது வேண்டாம், முறுக்குத்தான் வேண்டும் என்றால் தண்ணீர் குடித்துவிட்டு நடந்துவிட்டு வாருங்கள்.

தினமும் நாலு மணிக்கு நிஜப் பசி வருகிறதென்றால் மதியச் சாப்பாட்டில் கை வையுங்கள். பெரும்பாலும் கொழுப்பு குறைந்திருக்கும். தோல் நீக்கிய கோழி மார்பும் வெள்ளரிக்காயும் மட்டும் சாப்பிட்டால் மாலைவரை தாங்காது.

சேலத்திலிருந்து: எனக்கு சுகர் இருக்கு, மாத்திரை சாப்பிடுறேன். இந்த அளவுகளையே பின்பற்றலாமா?

ஐயா, மருத்துவரைப் பார்க்காமல் ஒரு வேளைகூடத் தொடங்காதீர்கள். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென்று சோற்றை நிறுத்தினால், மருந்து பழைய சாப்பாட்டுக் கணக்கிலேயே வேலை செய்து சர்க்கரையை 70-க்குக் கீழே இறக்கிவிடும். வியர்வை, நடுக்கம், மயக்கம் என்று போகும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு மாவுச்சத்தை மிகவும் குறைத்தால் இரத்தத்தில் கீட்டோன் (கொழுப்பு எரியும்போது உண்டாகும் பொருள்) கூடி அமிலமாகும் ஆபத்து உண்டு. மருந்தின் அளவை முதலில் மாற்ற வேண்டும், தட்டின் அளவு பிறகு. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்குப் புரத அளவே வேறு. இங்கே சொன்ன எதுவும் அவருக்குப் பொருந்தாது.

முன்பு எப்போதாவது சாப்பாட்டையே ஒதுக்கியோ, சாப்பிட்டு வாந்தி எடுத்தோ அவதிப்பட்டவர்கள் தயவுசெய்து இந்தப் பக்கம் வர வேண்டாம். கர்ப்பிணிகள் புதிதாகத் தொடங்கும் காலமும் இது அல்ல.

கும்பகோணத்திலிருந்து: நாங்க சைவம், முட்டையும் கிடையாது. அளவு எப்படி வைக்கணும் மாமி?

பருப்பையும் தயிரையும் எடுத்துவிட்டால் உங்கள் தட்டில் புரதம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்லும் புரத அளவு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம்; 60 கிலோ எடைக்கு 50 கிராம். காய்கறியையும் தேங்காயையும் எவ்வளவு கூட்டினாலும் அங்கே போய்ச் சேராது. பருப்பு, டோஃபு (சோயா பனீர்) வைத்துக்கொண்டு அசைவம், பால், முட்டை எல்லாவற்றையும் விலக்கும் தாவர வகை ஒன்று ஹோல்30-லேயே இருக்கிறது. உங்களுக்கு வயிற்று உப்புசம்தான் பிரச்சினை என்றால் அதைவிட எளிய வழி சொல்கிறேன்: பாலை மட்டும் இரண்டு, மூன்று வாரம் நிறுத்திப் பாருங்கள். மாற்றமில்லை என்றால் கோதுமையைத் தனியாக. கோதுமையை நிறுத்துவதற்கு முன் சீலியாக் நோய்க்கான (கோதுமையில் உள்ள குளூட்டனால் குடல் கெடும் நோய்) இரத்தப் பரிசோதனையை முடித்துவிடுங்கள், நிறுத்தியபின் எடுத்தால் முடிவு சரியாக வராது.

துபாயிலிருந்து: முதல் நாலைந்து நாள் தலைவலி, சோர்வு. நிறையத்தான் சாப்பிடுகிறேன்.

உப்பைப் பாருங்கள். ஊறுகாய், அப்பளம், பிரெட், பாக்கெட் தின்பண்டம் எல்லாம் ஒரே நாளில் நின்றதும் உப்பும் நின்றுவிடுகிறது. சமையலில் வழக்கமான உப்பு போடுங்கள், தண்ணீர் குடியுங்கள். இரத்த அழுத்தம் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு.

சென்னையிலிருந்து: மாம்பழ சீசன்ல ஆரம்பிச்சுட்டேன்...

ஒரு நாளைக்குக் கையளவு மாம்பழம் ஒன்று, சாப்பாட்டோடு சேர்த்து. சாறாகப் பிழிய வேண்டாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து: 30 நாள் முடிஞ்சுது அக்கா. திருப்பிச் சேர்க்கேக்க எவ்வளவு சாப்பிட்டுப் பார்க்க வேணும்? கொஞ்சமாத் தொடங்கட்டோ?

முன்பு ஒரு உணவுக்கு மூச்சுத் திணறலோ முகம், உதடு வீக்கமோ வந்திருந்தால் அதை வீட்டில் சோதிக்கவே கூடாது. மற்றவர்கள் கொஞ்சமாகத் தொடங்கினால் ஒன்றும் தெரியவராது. தேநீரில் ஒரு கரண்டி பால் விட்டுக் குடித்துவிட்டு "பால் ஒத்துக்கொண்டது" என்று முடிவு கட்டுகிறார்கள். லாக்டோஸ் (பாலில் உள்ள சர்க்கரை) செரிக்காதவர்களிலும் பலருக்கு ஒரு டம்ளர் பால் வரை தொந்தரவு தெரியாது. ஆகவே வழக்கமாகச் சாப்பிடும் அளவையே, ஒரே நாளில் இரண்டு மூன்று வேளை சாப்பிட வேண்டும். அடுத்த இரண்டு நாள் மறுபடி பழைய தட்டுக்குப் போய், வயிறு, தோல், தூக்கம், மூட்டு எப்படி இருக்கிறது என்று குறித்து வையுங்கள்.

முதலில் பருப்பு: காலையில் அவித்த கடலை, மதியம் பருப்புக் கறி, இரவு பயறு, சோறில்லாமல். பிறகு அரிசி, குரக்கன் (கேழ்வரகு). அடுத்து பால், தயிர். கோதுமை கடைசி. இட்லி, தோசையில் உளுந்தும் அரிசியும் கலந்திருப்பதால் அவற்றைக் கொண்டு தொடங்காதீர்கள். வயிறு ஊதினால் எதனால் என்று சொல்ல முடியாது. இரண்டையும் தனித்தனியே பார்த்த பிறகு தோசையைச் சுடுங்கள், முன்பு சாப்பிட்ட அதே எண்ணிக்கையில்.